தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்: ஒரு கீர்த்தனைக் கவிஞரின் இசைவாழ்வு

முன்னுரை

‘வேதநாயகம்’ என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியர் அவர். அவருக்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே பிறந்து, அதே காவிரிக்கரையில் வாழ்ந்து, தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கு அடித்தளம் இட்ட இன்னொரு வேதநாயகம் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்றும் சுவிசேட கவிராயர் என்றும் அழைக்கப்படும் அவரை இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ‘கிறிஸ்தவர்களின் தமிழ்த்தொண்டு’ என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகளில் முடித்துவிடுகின்றன.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த என் போன்றோர் வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யையும் உமறுப் புலவரின் ‘சீறாப்புராண’த்தையும் பெயரளவிலாவது அறிந்திருப்போம். அவை காப்பியங்கள், ஏட்டில் நிலைத்தவை. சாஸ்திரியாரின் படைப்புகளோ பாடுவதற்கென்றே பிறந்தவை. அவற்றுள் சில இன்றும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் நாட்டிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. ஓர் இசைக்கலைஞராக அவர் எப்படி உருவானார், எதைச் சாதித்தார், எதற்காகப் போராடினார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்தப் போராட்டத்தில் நாம் போற்ற வேண்டியதும் உண்டு, மறுக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்ல முயல்கிறேன்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். தஞ்சையிலிருந்து நெல்லைச் சீமைக்கு வந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயர், சிறுவனின் கூர்மையைக் கண்டு, ஏறக்குறைய 12 வயதில் அவரைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். நம் பினாங்கு வரலாற்றோடு ஒட்டிப் பார்த்தால் காலம் எளிதில் மனத்தில் பதியும். பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டில் இத்தீவில் கொடியேற்றிய காலத்தை ஒட்டியே இந்தச் சிறுவனின் தஞ்சை வாழ்க்கையும் தொடங்கியது.

சுவார்ட்ஸின் அரவணைப்பில் தஞ்சையில் கல்வி பெற்ற இன்னொரு சிறுவனும் இருந்தான். அவன்தான் பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி. சரபோசி 1777இல் பிறந்தவர். வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். ஒருவர் அரசரானார், ஒருவர் பாடகரானார். இந்த இளமைத் தொடர்பு இருவரின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

பின்னர் வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய ஊர் அது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊரும் அதுவே. அங்கே அவர் இறையியலோடு வானியல், புவியியல், உடற்கூறு முதலிய ஐரோப்பிய அறிவியல்களையும் கற்றார். தஞ்சைக்குத் திரும்பியபின், இருபது வயதை ஒட்டிய இளம் பருவத்திலேயே மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1798இல் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டில் சரபோசி அரியணை ஏறினார்.

ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

சாஸ்திரியாரின் இசைப்பணியை அறிய அவருக்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். தரங்கம்பாடிக்கு வந்த மறைப்பணியாளர்கள் தங்கள் ஜெர்மானிய வழிபாட்டுப் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, அதே ஜெர்மானிய மெட்டில் பாடவைத்தனர். இவற்றை ‘ஞானப்பாட்டு’ என்பர். சென்னை வேப்பேரியில் பணியாற்றிய ஃபப்ரீசியஸ் இத்துறையில் பேர்பெற்றவர். அவருடைய மொழிபெயர்ப்புகளில் பக்தி உணர்வுக்குக் குறைவில்லை. இடர்ப்பாடு மொழிக்கும் மெட்டுக்கும் இடையிலேயே எழுந்தது.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். ‘மலை’ வேறு, ‘மாலை’ வேறு. ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. மெட்டில் ஓர் அசை நீண்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் தமிழ்ச் சொல்லின் குறில் வந்து விழுந்தால், பாடுவோர் அதை நீட்டத்தான் வேண்டும். அப்போது கேட்பவர் காதில் வேறொரு சொல் விழுகிறது. இரண்டாவதாக, ஐரோப்பியப் பாட்டில் ஓசையொற்றுமை அடியின் இறுதியில் வரும். தமிழ்க் காதுக்கு இன்பம் தருவதோ பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் வரும் எதுகையும் மோனையுமே. மூன்றாவதாக, எழுத்தறியாத மக்கள் நீண்ட பாடலின் பல அடிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

கீர்த்தனை வடிவம் இம்மூன்று இடர்ப்பாடுகளையும் ஒருங்கே தீர்த்தது. பல்லவி பாட்டின் கருத்தைச் சுருக்கித் தருகிறது. அனுபல்லவி அதை விரிக்கிறது. சரணங்கள் கதையை அல்லது வாதத்தை வளர்க்க, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி மீண்டும் வருகிறது. தலைவர் சரணத்தைப் பாட, ஏடு பிடிக்கத் தெரியாத பாட்டியும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். மெட்டு தமிழ்ச் சொல்லின் நீட்டத்தையும் குறுக்கத்தையும் ஒட்டியே அமைகிறது. எதுகையும் மோனையும் தாளத்தோடு இணைந்து நினைவுக்குத் துணைசெய்கின்றன.

சாஸ்திரியார் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடியிருந்தார். திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார். முத்துசாமி தீட்சிதர் சாஸ்திரியாரைவிட ஓராண்டுதான் இளையவர். மராட்டியர் ஆட்சியால் தஞ்சைக்கு வந்த கீர்த்தன மரபு, கதையும் பாட்டும் கலந்து நிகழ்த்தும் வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. ஓர் ஊரே இசையில் ஊறியிருந்த காலம் அது. அந்த ஊரின் கிறிஸ்தவர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இசையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை என்று பாடிக்காட்டியவர் சாஸ்திரியார்.

படைப்புகள்

அவருடைய படைப்புகளின் பட்டியலைப் பார்த்தாலே ஓர் உண்மை புலப்படும். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, ஞான உலா, பேரின்பக் காதல், ஜெபமாலை என்பன அவற்றுட் சில. குறவஞ்சி, நாடகம், உலா ஆகியவை புலவர்கள் கையாண்ட சிற்றிலக்கிய வகைகள். ஏற்றப்பாட்டோ கிணற்றில் நீர் இறைக்கும் உழவரின் பாட்டு. அரண்மனை வடிவத்தையும் வயல்வெளி வடிவத்தையும் அவர் ஒன்றுபோலவே எடுத்துக்கொண்டார்.

இவற்றுள் சிறப்பாகக் கருதப்படுவது ‘பெத்லகேம் குறவஞ்சி’. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் படித்தவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். தலைவன் உலா வருகிறான். தலைவி காதல் கொள்கிறாள். குறத்தி வந்து தன் மலைவளம் சொல்லிக் குறி சொல்கிறாள். பிறகு அவள் கணவன் சிங்கன் பறவை பிடித்துக்கொண்டு அவளைத் தேடி வருகிறான். சாஸ்திரியார் இந்தச் சட்டகத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். இங்கே உலா வருபவர் இயேசு. தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். குறத்தி விசுவாசத்தின் வடிவம். சிங்கன் வலைவீசிப் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

இந்நூலில் என்னை மிகவும் வியக்கவைத்த பகுதி வானியல் பற்றியது. கோள்கள் கதிரவனைச் சுற்றுகின்றன என்ற கோப்பர்னிக்கஸின் கொள்கையைச் சாஸ்திரியார் குறவஞ்சிக்குள்ளேயே பாட்டாக வைத்திருக்கிறார். குறத்தி நாடுவளம் சொல்லும் மரபை விரித்து, தரங்கம்பாடியில் கற்ற உலகப் புவியியலையும் அதில் புகுத்தினார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்றும் நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதை இராகத்தோடும் தாளத்தோடும் சொல்லிவிட்டார் என்றால் அது மிகையாகாது.

‘ஞானத்தச்ச நாடகம்’ நோவா கட்டிய பேழையின் கதை. வேதாகமத்தில் சில வரிகளில் முடியும் கப்பல் கட்டும் செய்தி, தமிழ்நாட்டுத் தச்சரின் தொழிலோடு சேர்ந்து இதில் ஒரு நாடகமாகவே விரிகிறது. துறைமுக ஊரில் வாழும் நமக்கு இந்நூல் இன்னும் நெருக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மன்னரும் கவிஞரும்

ஓர் இசைக்கலைஞர் எதைக்கொண்டு வாழ்ந்தார் என்ற கேள்வியை நாம் பொதுவாகக் கேட்பதில்லை. சாஸ்திரியாரின் வாழ்வில் இது முக்கியமான கேள்வி. முதலில் அவர் மிஷன் பள்ளி ஆசிரியர். அதே வேளையில் சபைதோறும் சென்று தம் நூல்களைப் பாடி அரங்கேற்றினார். ‘சுவிசேட கவிராயர்’ என்ற பட்டம் இவ்வாறு பெற்ற புகழின் அடையாளம். பிற்காலத்தில் மிஷனோடு பிணக்கு ஏற்பட்டபோது அவருக்குக் கைகொடுத்தவர் சரபோசி மன்னர்.

சரபோசி சைவர், கலைகளைப் போற்றியவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். அவரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ தஞ்சையில் புகழ்பெற்றது. மன்னர் சாஸ்திரியாரிடமும் தம் குலதெய்வத்தைப் பாடுமாறு கேட்டதாகவும், தம்மால் இயேசுவைத் தவிர வேறெவரையும் பாட இயலாது என்று அவர் பணிவோடு மறுத்ததாகவும் ஒரு செய்தி கிறிஸ்தவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது நடந்தபடியே வந்த செய்தியா, காலப்போக்கில் மெருகேறிய கதையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேறு சமயத்தைச் சேர்ந்த மன்னர் ஒருவர், தம் தெய்வத்தைப் பாடாத கவிஞரை ஆதரித்தார் என்பது மட்டும் வரலாறு. தம் கிறிஸ்தவ ஆசிரியர் சுவார்ட்ஸுக்கு இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தவரும் இதே மன்னர்தாம்.

போராட்டம்: நான்கு குறைகள்

1820களில் நிலைமை மாறியது. சுவார்ட்ஸ் தலைமுறையினர் மறைந்து, புதிய மறைப்பணியாளர்கள் தஞ்சைக்கு வந்தனர். 1829ஆம் ஆண்டை ஒட்டிச் சாஸ்திரியார் அவர்களுக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். அவர் எழுப்பிய குறைகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, வேதாகம மொழிபெயர்ப்பு. மக்கள் நாவில் பழகிவிட்ட ஃபப்ரீசியஸின் மொழிபெயர்ப்பை மாற்றி, பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் ஐயர் புதிதாகத் திருத்தினார். சாஸ்திரியார் இதை எதிர்த்தார். இரண்டாவது, திருவிருந்திலும் சபையிலும் சாதி வேறுபாடின்றி எல்லாரும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்ற கட்டளை. மூன்றாவது, பண்டிகைகளிலும் சடங்குகளிலும் பூமாலை முதலிய தமிழர் வழக்கங்களுக்கு வந்த தடை. நான்காவது, வழிபாட்டில் தமிழிசைக்கும் கீர்த்தனைகளுக்கும் வந்த தடை.

இங்கேதான் இக்கட்டுரையின் கடினமான பகுதி வருகிறது. மூன்றாவது, நான்காவது குறைகளைப் படிக்கும்போது நாம் சாஸ்திரியாரின் பக்கம் நிற்கிறோம். பூச்சூடுவதும் தாய்மொழி இசையில் பாடுவதும் எந்தச் சமயத்துக்கும் எதிரானவை அல்ல. ஆனால் இரண்டாவது குறையில் அவர் நின்ற பக்கம் தவறானது. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெறுவதைத் தம் குலத்துக்கு நேர்ந்த இழிவாகக் கருதியவர்களின் வழக்கறிஞராக அவர் எழுதினார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டளை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி அறவே கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சைக் கிறிஸ்தவர்களில் பலர் சபையைவிட்டே விலகினர். அந்தப் பிளவின் வேர்கள் இந்த வாதங்களில்தாம் இருந்தன.

எதிர்த்தரப்பையும் நடுநிலையோடு பார்க்க வேண்டும். சாதியை ஒழிக்க நினைத்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் நேர்மையின் பக்கம் இருந்தார்கள். ஆனால் அவர்களே பூவையும் பாட்டையும் சாதியோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியப் பார்த்தார்கள். சாஸ்திரியாரோ அதே மூட்டையை அவிழ்க்காமல் முழுவதையும் காப்பாற்றப் பார்த்தார். இரு தரப்பாரும் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

நமக்கும் இதில் பாடம் உண்டு. மலேசியத் தமிழர்களாகிய நாம் ‘பண்பாட்டைக் காப்போம்’ என்று அடிக்கடி மேடையில் முழங்குகிறோம். பண்பாடு என்ற அந்த மூட்டைக்குள் பறையும் பாட்டும் மொழியும் கோலமும் இருக்கின்றன. திருமணப் பேச்சு வரும்போது மட்டும் மெல்லத் தலைகாட்டும் சாதியும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று பிரித்தறியாமல் முழங்கினால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சையில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

பாட்டு வென்ற கதை

சாதி வாதத்தில் சாஸ்திரியார் தோற்றார், தோற்றதே நன்று. இசை வாதத்தில் அவர் வாழ்நாளிலேயே வெற்றி கண்டார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளின் ஆற்றலை உணர்ந்து, அவற்றைப் பெருமளவில் சேர்த்து 1853இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஒரு மிஷன் ஒதுக்கிய இசையை இன்னொரு மிஷன் அச்சிட்டு ஊரூராகப் பரப்பியது. 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், தம் 89ஆம் வயதில், சாஸ்திரியார் தஞ்சையில் காலமானார்.

அவர் திறந்த பாதையில் பலர் நடந்தனர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்களுள் ஒருவர். தஞ்சையிலேயே சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றியதோடு, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் மாபெரும் இசை ஆராய்ச்சி நூலையும் வெளியிட்டார். தமிழிசையின் தொன்மையை நிறுவிய அந்நூலை எழுதியவர் ஒரு கீர்த்தனைக் கவிஞர் என்பது எண்ணத்தக்கது.

உலகின் வேறு பகுதிகளிலும் இதே போராட்டம் நடந்துள்ளது. கானா நாட்டின் எஃப்ரயிம் அமு, ஆப்பிரிக்க உடையையும் இசையையும் கிறிஸ்தவ வழிபாட்டோடு இணைக்க முயன்றதால் 1933இல் தாம் பணியாற்றிய சமயக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டாவைச் சேர்ந்த யோசேப் கியாகம்பித்வாவோ, தம் நாட்டு மறைச்சாட்சிகளின் கதையைத் தம் மக்களின் இசையிலேயே பெரும் இசைநாடகமாக அமைத்தார். 1964இல் அந்த மறைச்சாட்சிகள் உரோமையில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி அது புகழ்பெற்றது. சாஸ்திரியார் இவர்களுக்கு நூறாண்டுகளுக்கும் முற்பட்டவர் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பினாங்கிலிருந்து பார்க்கையில்

ஜார்ஜ்டவுனின் பழைய பிட் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம், குயின் தெருவிலுள்ள மகாமாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை சில நிமிட நடையில் உள்ளன. கோயிலில் தேவாரமும், தமிழ் முஸ்லிம்களிடையே நாகூர் ஆண்டவர் புகழும், தமிழ்ச் சபைகளில் கீர்த்தனையும் ஒலிப்பது ஒரே தமிழில்தான். தென்னிந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இங்கே குடியேறிய கிறிஸ்தவர்கள் பெட்டிப் படுக்கையோடு கீர்த்தனைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள்.

சென்ற ஆண்டு டிசம்பரில், நண்பர் ஒருவருடன் பட்டர்வொர்த் பக்கமுள்ள ஒரு தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். நான் கிறிஸ்தவர் அல்லன். ஆயினும் பல்லவி இரண்டாம் முறை வந்தபோது என்னாலும் சேர்ந்து பாட முடிந்தது. கீர்த்தனை வடிவத்தைப் பற்றி மேலே எழுதியதை அன்று நேரிலேயே உணர்ந்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். முன்வரிசைப் பெரியவர்கள் பழுப்பேறிய தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். பின்வரிசை இளையோர் திரையில் ரோமன் எழுத்தில் ஓடிய வரிகளைப் பார்த்துப் பாடினார்கள். பாட்டு ஒன்றுதான். ஆனால் ரோமன் எழுத்தில் ‘மலை’யும் ‘மாலை’யும் ஒன்றாகிவிடுகின்றன. லகர, ளகர, ழகரங்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஜெர்மானிய மெட்டால் வந்த குழப்பத்தைச் சாஸ்திரியார் தீர்த்துவைத்தார். அதே குழப்பம் எழுத்தின் வழியாக மீண்டும் உள்ளே வருகிறது.

இது கிறிஸ்தவ இளையோரின் குறை மட்டுமன்று. கோயில்களில் தேவாரப் போட்டிக்கு ரோமன் எழுத்தில் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ் வகுப்பு கிடைக்காமல் போனவர்களின் கதை இது. பாட்டைக் கைவிடாமல் பாடுகிறார்களே என்று முதலில் அவர்களைப் பாராட்ட வேண்டும். எழுத்தைக் கற்பிக்கும் கடமை நம் போன்ற தமிழ்க் கழகத்தாருக்கு உண்டு.

முடிவுரை

வேதநாயகம் சாஸ்திரியார் குறையற்ற மனிதர் அல்லர். ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியின் ஓசையிலேயே இறைவனைப் பாடலாம் என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் நிலைநாட்டிய பெரும் கலைஞர். அவரைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியவராக ஒதுக்குவது தமிழிலக்கியத்துக்கே இழப்பாகும்.

நம் கழகத் தோழர்களுக்கு இரண்டு பணிகளை முன்வைக்கிறேன். குற்றாலக் குறவஞ்சியையும் பெத்லகேம் குறவஞ்சியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் படித்தால் சிறந்ததோர் இளங்கலை ஆய்வேடு எழுதலாம். அடுத்து, பினாங்கிலும் செபராங் பிறையிலும் வாழும் முதியவர்களுக்குத் தெரிந்த கீர்த்தனைகளை அவர்கள் பாடும் மெட்டிலேயே பதிவுசெய்து, வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கலாம். கீர்த்தனை, தேவாரம், முனாஜாத்து என்று பாகுபாடின்றி எல்லாவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். அந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோம்.